முதல் தட்டின் வேகம்

டோலிடோ நகரின் கிழக்குப் பக்கத்தில் ரெனாட்டா வார்கோ ஓட்டுகிற பள்ளிப் பேருந்து எந்தத் தெருமுனைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஏழு பதினெட்டு என்றால் ஏழு பதினெட்டுதான். பனி முழங்கால் அளவு கிடந்தாலும் சரி, ரயில்வே கேட் போட்டிருந்தாலும் சரி, எங்கே எத்தனை நொடி விட்டோம், எங்கே அதைப் பிடிக்கலாம் என்று அவளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அறுபத்துமூன்று வயதில் இப்படி ஒரு நேரக்கணக்கா என்று யாராவது வாயைப் பிளந்தால் அவளுக்குச் சிரிப்புதான் வரும். பேருந்தெல்லாம் பிறகு வந்த பிழைப்பு. அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் அவள் டிரம்ஸ் வாசித்தவள்.

குழுவின் பெயர் ஸ்னோ ஷவல்ஸ். பனி அள்ளுகிற மண்வெட்டிகள் என்று அர்த்தம். பெயர் வைத்த புண்ணியவான் பக்கத்து வீட்டுக்காரர். "இந்தக் கண்றாவியைக் கேக்குறதுக்கு மண்வெட்டியால தரையைச் சுரண்டுறதைக் கேக்கலாம்" என்று அவர் வேலிக்கு மேலே கத்தினார். அதை அப்படியே எடுத்துப் பெயராக வைத்துக்கொண்டான் ஜோல்டன். ஜோல்டன் அவளுடைய தம்பி, இரண்டு வயது இளையவன். பாட்டு அவன், கிடார் அவன், வாயும் அவன்தான். அவனோடு பள்ளியில் படித்த லைல் பிரூயிட் பேஸ் கிடார். ஆக மொத்தம் மூன்றே பேர்.

இந்த மூன்று பேரும் சேர்ந்து ஏழு இசைத்தட்டுகள் போட்டார்கள். 1983-இல் வந்த முதல் தட்டு, 'தண்ணீர்த் தொட்டியில் இடதுபக்கம்', வார்கோ வீட்டு நிலவறையில் பதிவானது. இரண்டாவதை டெட்ராய்ட்டில் பெரிய ஸ்டூடியோவில் செய்தார்கள். அங்கே இருந்தவர்கள் இவர்களைக் கேட்காமல் வயலினைச் சேர்த்துவிட்டார்கள், அதை ரெனாட்டா இன்றுவரை மன்னிக்கவில்லை. மூன்றாவதுதான் ரேடியோவில் ஓடியது. நான்காவது, சந்தைத் திடலில் கொட்டுகிற மழையில் மேடையிலேயே எடுத்தது. அதில் மூன்றாவது பாட்டுக்கு நடுவே பன்றிப் போட்டியில் முதல் பரிசு யாருக்கு என்று ஒலிபெருக்கி சொல்வது தெளிவாகக் கேட்கும். ஐந்தாவது சுமார். ஆறாவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அதில் லைல் இரண்டு பாட்டுப் பாடியிருக்கிறான். ஏழாவதில் ஜோல்டனின் குரல் நன்றாகக் கனிந்து, முப்பத்தேழு வயதின் கரகரப்போடு இருக்கும். அதோடு குழு கலைந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஜோல்டனும் போய்விட்டான், இதயம் நின்றுவிட்டது.

இப்போது சிகாகோவில் ஒரு இசைத்தட்டு நிறுவனம் ஏழு தட்டுகளையும் ஒரே பெட்டியில் போட்டு, கூடவே எந்தத் தட்டு எங்கே, எப்போது, யார் வாசித்தது என்ற முழு விவரத்தையும் சிறு புத்தகமாகச் சேர்த்து வெளியிடப் போகிறது. பழைய டேப்புகளைத் துடைத்துப் புதுப்பிக்கும் வேலையை டேரல் ஃபிட்ச் என்பவரிடம் கொடுத்திருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். மெல்லிய மனிதர், மெல்லிய பேச்சு, காது மட்டும் கூர்மை. மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலைச் சவாரி முடிந்து ரெனாட்டா வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள் அவர் வாசலில் நின்றார். கையில் ஏழு சோதனைத் தட்டுகள், ஒரு மடிக்கணினி, அந்தச் சிறு புத்தகத்தின் அச்சுப்படி. பிழைத்திருக்கிற இரண்டு பேரும் கேட்டுக் கையெழுத்துப் போட்டால் மறுநாளே ஆலையில் தட்டு அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

லைல் முன்னமே வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் போன வாரமே தட்டுகள் போய்ச் சேர்ந்திருந்தன. கையெழுத்தும் போட்டுவிட்டான்.

"மதியச் சவாரிக்கு ஒண்ணே முக்காலுக்கு நான் கிளம்பணும்," என்றாள் ரெனாட்டா. "அதுக்குள்ள முடிச்சுடலாம். உங்களுக்கு மீன் வறுத்துப் போட்டுட்டுத்தான் போவேன்."

அவள் உட்கார்ந்து அச்சுப்படியைப் புரட்டினாள். முதல் பக்கத்தில் முதல் தட்டு. அதற்குக் கீழே இரண்டே வரி. 'இந்த இசைத்தட்டு 1983-இல் தவறான வேகத்தில் வெளிவந்தது. சரியான வேகத்தில் முதன்முறையாக இங்கே.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு புத்தகத்தைத் திருப்பி ஃபிட்ச் பக்கம் தள்ளி, அந்த வரியில் விரலை வைத்தாள்.

"இது என்னது?"

ஃபிட்ச் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன். அந்தத் தட்டு எந்தப் பியானோவோடயும் சேராது, கவனிச்சிருக்கீங்களா? ரெண்டு சுருதிக்கு நடுவுல தொங்கும். கால் கட்டை கூட. மத்த ஆறு தட்டும் சுருதி சுத்தம். இது ஒண்ணு மட்டும்தான் இப்படி. நீங்க சர்ச்சுலேர்ந்து இரவல் வாங்கின டேப் மெஷின்லதானே பதிவு பண்ணீங்க? பழைய மெஷின். பதிவு பண்றப்ப மெதுவா ஓடியிருக்கு. மெதுவா ஓடின டேப்பை நல்ல மெஷின்ல போட்டா எல்லாமே கொஞ்சம் வேகமாத்தான் கேக்கும். நான் அதை நூத்துக்கு மூணு இறக்கினேன். எல்லாம் ஒழுங்கா உக்காந்துடுச்சு."

"அப்ப என் டிரம்ஸ்?"

"அதுவும் கூடவே இறங்கும். முதல் பாட்டு நிமிஷத்துக்கு நூத்தி எண்பத்தாறு அடின்னு எல்லாரும் சொல்லுவாங்க. உண்மையில நூத்தி எண்பதுதான் இருந்திருக்கும்." அவர் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "அதுவே பெரிய விஷயம்."

லைல் காப்பிக் கோப்பையை வாயிலிருந்து எடுக்கவில்லை. ரெனாட்டாவை அவனுக்கு நாற்பத்தைந்து வருஷமாகத் தெரியும். இந்த மாதிரி நேரத்தில் வாயில் ஏதாவது இருப்பது உத்தமம்.

அவளுக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்தத் தட்டு வந்த வருஷம் நியூயார்க் பத்திரிகைக்காரன் ஒருவன் எழுதினான், டிரம்ஸ் வாசிக்கிற பெண்ணுக்கு இத்தனை வேகம் வராது, டேப்பை வேகமாக ஓட்டிவிட்டு ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று. அப்போது அவள் அந்தப் பத்திரிகையை மேடையிலேயே காலடியில் போட்டுக்கொண்டு வாசித்தாள், கேட்டவர்கள் வாய் மூடிக்கொண்டார்கள். நாற்பது வருஷம் கழித்து அதே பேச்சு அவளுடைய சமையலறையிலேயே உட்கார்ந்து, அவளுடைய காப்பியையே குடிக்கிறது. அதுவும் அச்சிலே. அவள் கையெழுத்தோடு.

"போடுங்க, கேக்கலாம்," என்றாள்.

கூடத்தில் இருந்த தட்டு இயந்திரத்தில் ஃபிட்ச் சோதனைத் தட்டை வைத்தார். முதல் பாட்டு கிளம்பியது. சும்மா சொல்லக் கூடாது, மனிதர் அழகாகத்தான் துடைத்திருந்தார். கிடார் பளிச்சென்று இருந்தது. டிரம்ஸ் ஒவ்வொன்றும் தனித்தனியாக, கிட்ட நின்று கேட்பது போல இருந்தது. பிறகு ஜோல்டன் பாட ஆரம்பித்தான். குரல் அவனுடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் யாரோ அவன் தோளில் ஒரு மூட்டையை ஏற்றிவைத்துப் பாடச் சொன்ன மாதிரி இருந்தது.

"இது என் தம்பி இல்ல."

"ரென்," என்றான் லைல், "நல்லாத்தான இருக்கு. கனமா இருக்கு. பெரிய மனுஷன் பாடுற மாதிரி."

"அவனுக்கு அப்ப இருபத்தோரு வயசுடா. பெரிய மனுஷன் எங்கேருந்து வந்தான்? மாடிப்படியில ஒழுங்கா இறங்கத் தெரியாது அவனுக்கு, குதிப்பான். குரலும் அப்படித்தான் குதிக்கும். இங்க பாரு, நடக்குது. செருப்புப் போட்டுக்கிட்டு நடக்குது!"

"எனக்கு இதுதான் வசதி. இப்ப கூடவே உக்காந்து வாசிக்கலாம், சுருதி சேருது. பழசோட சேர்ந்து வாசிக்கவே முடியாது."

"உனக்கு வசதின்னு உலகத்தை நிறுத்திவைப்பாங்களா? வாயை மூடிக்கிட்டுக் காப்பியைக் குடி."

ஃபிட்ச் பொறுமையாகத்தான் பேசினார். "ரெனாட்டா, உங்க நாலாவது தட்டையே எடுத்துக்குங்க. அதே பாட்டு, மேடையில. சுருதி சுத்தம். வேகமும் குறைவு. நான் இறக்கினதோட கிட்டத்தட்ட ஒத்துப்போகுது."

"அது கொட்டுற மழையில வாசிச்சது. அப்ப சுருதி காட்டுற டியூனர் வாங்கிட்டோம், அதான் சுருதி சேருது. வேகம் குறைஞ்சது இவன் விரல் விறைச்சுப்போனதால. இவனுக்காக நான் இறங்கி வாசிச்சேன். வேணும்னா இவனையே கேளுங்க."

"விரல் விறைச்சது உண்மைதான்," என்றான் லைல், கோப்பைக்குள்.

"நீங்க சொல்றது நினைவு," என்றார் ஃபிட்ச். "நினைவை வச்சு நான் வேகத்தை மாத்த முடியாது. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன காட்டுவேன்? எனக்கு ஏதாவது ஒண்ணு வேணும். கையில பிடிக்கிற மாதிரி ஒண்ணு. இல்லேன்னா அந்த டேப் மெஷின் மெதுவா ஓடிச்சுன்னுதான் நான் சொல்லணும். இந்தப் பெட்டிக்கப்புறம் எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க. தப்பாப் போயிடக்கூடாதுன்னுதான் எனக்கும்."

அதுதான் அவளையும் குத்தியது. இந்தப் பெட்டிக்குப் பிறகு எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். பழைய தட்டு இனி யார் வீட்டில் இருக்கிறது? ஜோல்டன் என்றால் இந்த மூட்டை தூக்கிய ஜோல்டன்தான் என்று ஆகிவிடும். அவள் ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஒருவேளை மெஷின்தான் நம்மை ஓட்டியதோ என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் அந்த நினைப்பின் மேலேயே கோபம் வந்தது. விட்டுவிடுவாளா அவள்?

"தட்டு ஓடட்டும்," என்றாள் எழுந்து. "பசியோட சண்டை போட மாட்டேன் நான். மீனை எடுத்துட்டு வரேன்."

நிலவறைப் படியில் இறங்கினாள். அங்கே துணி துவைக்கிற இயந்திரம், பழைய சைக்கிள், மூலையில் போர்வை மூடிய டிரம்ஸ், சுவரோரமாக அந்த ஃபிரீசர். சவப்பெட்டி அளவுக்கு நீளம், மேலே தூக்குகிற மூடி. 1974-இல் அம்மா வாங்கியது. இன்னும் கல்லு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும்போதெல்லாம் ஒரே சுருதியில் 'ம்ம்ம்ம்' என்று அது முனகும். பங்குச் சாமியார் ஃபாதர் கபோர் பூசை நேரத்தில் ஒரே சுருதியில் இழுப்பார், அதனால் ஜோல்டன் இதற்கும் ஃபாதர் என்றே பெயர் வைத்திருந்தான். குழு பயிற்சி பண்ணும்போது ஃபாதரை அணைக்கலாம் என்று கேட்டால் அம்மா கரண்டியோடு வருவாள். "மான் கறி கெட்டுப்போகும். உங்க பாட்டு கெட்டா யாருக்கு நஷ்டம்?"

ரெனாட்டா மூடியைத் தூக்கி உள்ளே குனிந்தாள். லைல் கொடுத்த மான் கறி, முட்டைக்கோஸ் பொட்டலம், அடியில் ஏரியில் பிடித்த பெர்ச் மீன். அவள் கை மீனைத் தேடியது, காது மேலே இருந்தது. மேல்தளத்துப் பலகை வழியாகப் பாட்டு இறங்கி வந்துகொண்டிருந்தது.

ஏதோ சரியில்லை. 'உவ்... உவ்... உவ்' என்று ஒரு அதிர்வு. ஃபிரீசர் கெட்டுப்போகிறதோ என்று காலால் ஒரு உதை விட்டாள். நிற்கவில்லை. குனிந்தபடியே அசையாமல் கேட்டாள். ஃபாதர் எப்போதும் போல ஒரே சீராகத்தான் முனகிக்கொண்டிருந்தார். மேலே கிடார் தன் ஆதார சுருதிக்குத் திரும்பி வரும்போதெல்லாம் அதற்கும் இதற்கும் தகராறு. அது விலகிப் போனால் தகராறு இல்லை. திரும்பி வந்தால் மறுபடி 'உவ் உவ்'.

இந்த நிலவறையில் இந்தப் பாட்டை ஆயிரம் தடவை வாசித்திருக்கிறாள். ஒரு நாளும் இந்தத் தகராறு இருந்ததில்லை. ஃபாதர் இருக்கிறார் என்பதே தெரியாது. பாட்டுக்குள் கரைந்துபோவார்.

மீன் பொட்டலம் கையிலிருந்து நழுவி உள்ளேயே விழுந்தது.

"லைல்!" அவள் போட்ட சத்தத்தில் மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "அந்தத் தட்டை எடு! அலமாரியில என் பழைய தட்டு இருக்கு, அதைப் போடு! சத்தமா வை! போட்டுட்டு ரெண்டு பேரும் கீழ வாங்க!"

"என்னம்மா தாயே, விழுந்து கிழுந்து வச்சிட்டியா?"

"போடுடான்னா!"

பழைய தட்டு கீறலோடும் பொரிச்சலோடும் கிளம்பியது. இருவரும் படியிறங்கி வருவதற்குள் ரெனாட்டா ஃபிரீசர் மூடியைச் சாத்தி, அதன்மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். ஃபிட்ச் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். அந்தக் காதுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேலேயிருந்து வரும் கிடாரும் சுவரோரத்து முனகலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் கிடந்தன.

"லைல்," என்றாள் ரெனாட்டா, "நீ எதை வச்சு சுருதி சேர்ப்பே அப்ப?"

"ஜோல்டனை வச்சுத்தான். அவன் ஒரு கம்பியை மீட்டிக் காட்டுவான், அதுக்கு நான் வச்சுக்குவேன்."

"அவன் எதை வச்சு சேர்த்தான்?"

லைல் நிலவறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினான். பிறகு மெதுவாக ஃபிரீசரைப் பார்த்தான். "அவன் எப்பவும் இதுமேல சாய்ஞ்சுதான் நிப்பான். குளிர்ச்சியா இருக்குன்னு சாயுறான்னு நினைச்சேன்." அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அட பாவி! ஃபாதருக்குச் சுருதி சேர்த்திருக்கான்டி!"

"வேற என்ன பண்ணுவான்? அம்மா அணைக்க விடமாட்டா. எந்தச் சுருதியில வாசிச்சாலும் இது உவ் உவ்னு கத்தும். இதோட மல்லுக்கட்ட முடியாதுன்னு இதுக்கே கம்பியை முறுக்கிட்டான். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னானா பாரு!" அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. "அதான் எந்தப் பியானோவோடயும் சேரலை, ஃபிட்ச். பியானோவைக் கேட்டு வச்சாத்தான சேரும்?"

ஃபிட்ச் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "இருங்க. இந்த முனகல் கரண்டோட முனகல். இந்த நாட்டுல எந்தச் சுவர்ல செருகினாலும் கரண்டு நொடிக்கு அறுபது தடவை அதிரும். அன்னிக்கும் அறுபது, இன்னிக்கும் அறுபது. நீங்க சொல்ற மாதிரி இருந்தா..." அவர் தலையை நிமிர்த்தினார். முகம் வெளுத்திருந்தது. "இது டேப்புலயும் விழுந்திருக்கும்."

"விழுந்திருக்கா?"

"விழுந்திருந்தது." அவர் குரல் இறங்கிவிட்டது. "நான் துடைச்சுட்டேன். எந்தப் பழைய டேப் வந்தாலும் முதல்ல அதைத்தான் துடைப்போம், வீட்டுக்குள்ள வந்ததும் பூட்ஸைக் கழட்டுற மாதிரி. மெஷின் தானாவே கண்டுபிடிச்சு எடுத்துடும். நான் அது என்னன்னுகூடப் பார்க்கலை. வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரு கடிகாரம் இருந்தது, அதைக் குப்பைன்னு தூக்கிப் போட்டுட்டுத்தான் வேகத்தைத் தேடினேன்."

"குப்பையை எங்கயாச்சும் வச்சிருக்கீங்களா?"

அவர் படியேறி ஓடினார். தட்டை நிறுத்தும் சத்தம் கேட்டது. அச்சுப்படியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மடிக்கணினியோடு திரும்பி வந்து அதை ஃபிரீசர் மூடிமேலேயே வைத்தார். துடைக்காத பதிவு அதில் பத்திரமாக இருந்தது. டேப் மெஷின் மெதுவாக ஓடியிருந்தால் அந்த முனகலும் கூடவே ஏறி, அறுபத்திரண்டுக்குப் பக்கத்தில் நிற்கும் என்று விரல்கள் ஓடும்போதே சொன்னார். திரையில் ஒரு பச்சைக் கோடு எழுந்து நின்றது. அதன் உச்சியில் ஒரு எண்.

"அறுபது," என்றார் ஃபிட்ச். கொஞ்சம் குனிந்து பார்த்து மறுபடி சொன்னார். "அறுபது. புள்ளிக்கு அப்புறம் சுழியம்."

லைல் தொப்பியைக் கழற்றி ஃபிரீசருக்கு ஒரு கும்பிடு போட்டான். பிறகு, "என் கையெழுத்தை அடிச்சிடுங்க ஃபிட்ச். நான் பார்க்காமப் போட்டுட்டேன்," என்றான்.

"கேக்காமப் போட்டேன்னு சொல்லு," என்றாள் ரெனாட்டா.

"சர்ச்சு மெஷின் சரியாத்தான் ஓடியிருக்கு," என்றார் ஃபிட்ச். "நூத்தி எண்பத்தாறும் நிஜம்தான். தப்பு என்னோடது. பாட்டை நான் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க." அதைச் சொல்லத் தயங்காத மனிதர் என்பதால் ரெனாட்டாவுக்கு அவரை அப்போதுதான் பிடித்துப்போனது. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அச்சுப்படியில் அந்த இரண்டு வரிகளையும் குறுக்கே அடித்தார். "இதுக்குப் பதிலா என்ன போடட்டும்?"

ரெனாட்டா யோசிக்கவே இல்லை. "எழுதிக்குங்க. வேகம், ரெனாட்டா வார்கோ. சுருதி, ஃபிரீசர்."

"நிஜமாவா?"

"ஏன், அது உழைக்கலையா? லைலைவிட ஒழுங்கா உழைச்சிருக்கு."

ஃபிட்ச் எழுதிக்கொண்டார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "துடைக்காததுல பாட்டுக்கு முன்னாடி கொஞ்சம் பேச்சு இருக்கு. வெறும் சத்தம்னு வெட்டியிருந்தேன். நான் முழுசாக் கேக்கலை. கேக்கலாமா?"

"பேச்சா? யார் பேச்சு?"

அவர் பொத்தானை அமுக்கினார். மடிக்கணினியின் ஒலிபெருக்கி சின்னது, ஆனால் நிலவறை அமைதியாக இருந்தது. முதலில் ஒரு நாற்காலி தேயும் சத்தம். யாரோ இருமினார்கள். லைல்தான் என்று கேட்டதும் தெரிந்தது, அதே இருமல்காரன் இப்போதும் பக்கத்தில் நின்றான். பிறகு ஒரு 'டக்'. ஃபிரீசர் விழித்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கும் அந்த 'டக்'. உடனே முனகல். ஒரு கம்பி மீட்டப்பட்டது, முறுக்கப்பட்டது, மறுபடி மீட்டப்பட்டது, முனகலுக்குள் போய்க் கரைந்தது.

"ஃபாதர் எந்திரிச்சுட்டார்," என்றான் ஜோல்டன்.

மூட்டை இல்லாத குரல். இருபத்தோரு வயது, படியில் குதிக்கிற குரல். ரெனாட்டா மூடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ரென், ரெடியா? லைல் சொல்றான் நீ ரொம்ப ஓடுறியாம்." சிரிப்பு. "அவன் கிடக்கிறான். நீ பாட்டுக்கு ஓடு. நான் எப்படியாச்சும் வந்து பிடிச்சுக்கறேன்."

இரண்டு குச்சிகள் நாலு தடவை தட்டின. அவளுடைய குச்சிகள். பாட்டு பாய்ந்தது.

ரெனாட்டா ஒரு கணமும் நிற்கவில்லை. துணி துவைக்கிற இயந்திரத்தின் மேல் துணிச் சாயம் கலக்க வைத்திருந்த இரண்டு மரக்கரண்டிகள் கிடந்தன. எட்டி எடுத்தாள், மடிக்கணினியை ஃபிட்ச் கையில் திணித்தாள், ஃபிரீசர் மூடியில் விளாசினாள். முதல் இரண்டு சுற்று மணிக்கட்டு முனகியது. மூன்றாவதில் தானாக விட்டுக்கொடுத்தது. நூற்றி எண்பத்தாறு. ஒரு அடி கூடவும் இல்லை, ஒரு அடி குறையவும் இல்லை. அவள் பாட்டைத் துரத்தவில்லை, பாட்டு அவளோடு வந்தது. லைல் இல்லாத கிடாரைக் கையில் பிடித்துக்கொண்டு விரலை ஆட்டினான், மூச்சு வாங்கியது அவனுக்கு. மூடிமேல் இருந்த நாற்பது வருஷத் தூசி எல்லாம் எழுந்து ஆடியது. இரண்டு நிமிஷம் பதினொரு நொடி. கடைசி அடி பதிவில் விழுந்த அதே நொடியில் மூடியிலும் விழுந்தது.

அப்புறம் ஃபாதர் மட்டும் முனகிக்கொண்டிருந்தார்.

ரெனாட்டா அழுதாள். ஒளித்துக்கொள்ளவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. கரண்டிகளை மூடிமேல் வைத்துவிட்டு, தம்பி சாய்ந்து நிற்கிற அந்த ஓரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"வந்து பிடிச்சுக்கறேன்னு சொன்னியேடா. நான் ஓடிக்கிட்டுத்தான்டா இருக்கேன். நீதான் முந்திட்டே."

லைல் அவள் தோளில் கை வைத்தான். ஃபிட்ச் மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி அப்படியே நின்றார்.

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த டக்கு, அவன் பேசுறது, இவன் இருமுறது, ஃபாதர், எல்லாம் இருக்கணும். ஒரு பொட்டுகூடத் துடைக்கக்கூடாது. புதுத் தட்டு வரட்டும், அப்ப கையெழுத்துப் போடறேன்."

"ஒரு பொட்டுகூட எடுக்க மாட்டேன்," என்றார் ஃபிட்ச்.

அவள் மூடியைத் தூக்கி, விழுந்து கிடந்த மீன் பொட்டலத்தை எடுத்தாள். வறுத்தாள், மூவரும் சாப்பிட்டார்கள், லைல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். ஒன்றே முக்காலுக்கு அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது, நாற்பது நொடி போயிற்று. அதை அவள் மூன்றாவது தெருவில் பிடித்தாள். இரண்டு இருபதுக்கு வர வேண்டிய பேருந்து இரண்டு இருபதுக்கே பள்ளி வாசலில் வந்து நின்றது.